கடைசி வரிசையில் உருவாகும் இசை

இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றின் கச்சேரிக்குச் செல்லும் ரசிகர், விளக்குகள் பிரகாசிக்கும் மேடையில் எண்பது தொண்ணூறு சிறுவர் சிறுமியர் கறுப்பு உடையணிந்து அமர்ந்து, சுருதி சேர்த்து முடித்து, கண்டக்டரின் கோல் உயர்வதற்காகக் காத்திருக்கும் காட்சியைக் கண்டவுடன், அந்த மாலையின் வெற்றி தோல்வி யாவும் கோலேந்திய அந்த ஒருவருடைய கையில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பே. மறுநாள் பத்திரிகையில் வருவது அவருடைய படம். சபையின் கரகோஷத்தை முதலில் தலைவணங்கி ஏற்பவரும் அவரே. ஆயினும், இத்தகைய குழுக்கள் கச்சேரிக்கு முந்திய வாரங்களில் எவ்வாறு தயாராகின்றன என்பதைக் கவனித்துப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். இளைஞர் குழுவின் தரத்தை நிர்ணயிப்பவர்கள் அதன் மிகச் சிறந்த வாசிப்பாளர்கள் அல்லர். இரண்டாம் வயலின் பிரிவிலும் வயோலாப் பிரிவிலும், இசைப் பிரதியைத் தாங்கும் கடைசி ஸ்டாண்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், நெஞ்சில் சிறிது பயத்தோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. அவர்கள் எவ்வளவு உறுதியாக வாசிக்கிறார்களோ அவ்வளவுதான் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் உயரம்.

இது ஏன் அப்படி என்பதை அறிய, ஆர்க்கெஸ்ட்ராவின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். நம் கச்சேரி மேடையில் பிரதானமாகப் பாடுபவர் ஒருவர். அவருக்கு வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரே ஒரு வித்வான். ஆகவே, யார் எதை வாசித்தார் என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. மேற்கத்திய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவிலோ, குழல்களும் எக்காளங்களும் மட்டுமே பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு பகுதி என்று எழுதப்பட்டிருக்கின்றன. முழு அளவிலான குழுவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபிள் பாஸ் 8 என்று தந்தி வாத்தியங்களை வாசிப்போர் மட்டுமே ஏறக்குறைய 60 பேர். ஒரு பிரிவைச் சேர்ந்த பதினாறு பேரும் ஒரே மெட்டை, ஒரே கணத்தில், ஒரே திசையில் வில்லை இழுத்து, வில்லின் ஒரே பாகத்தால் வாசித்து, ஒரே குரலாக ஒலிக்க வேண்டும். இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. அதன்மேல் இருவருக்கும் பொதுவாக ஒரு பிரதி. பக்கம் முடியும் தறுவாயில், சபையின் பக்கம் அமர்ந்தவர் வாசிப்பை நிறுத்தாதிருக்க, உட்புறம் அமர்ந்தவர் ஒரு கணம் வில்லை விட்டுவிட்டுத் தாளைப் புரட்டுவார். இந்தச் சிறு காரியத்தைக்கூட ஓசையின்றிச் செய்யப் பழக வேண்டியிருக்கிறது.

கடைசி ஸ்டாண்டில் இருப்பவரின் சிரமம் இருவகைப்பட்டது. அனுபவம் குறைந்தவர்களே பெரும்பாலும் அங்கே அமர்த்தப்படுகிறார்கள் என்பது ஒன்று. மற்றொன்று பௌதிக சாஸ்திரத்தைச் சார்ந்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகையால் மேடையில் 17 மீட்டர் தள்ளியிருக்கும் ஒருவரின் ஸ்வரம் நம் காதுக்கு வந்துசேர விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. பின்னால் இருக்கும் பிள்ளை, முன்னால் இருப்பவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டு, அதன் பிறகு தானும் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தால், அவனுடைய ஸ்வரம் அந்த இடைவெளி அளவுக்கும் அவனுடைய தயக்கத்தின் அளவுக்கும் பிந்தியே பிறக்கும். பதினாறு பேரில் நால்வர் இப்படிப் பிந்தினால் யார் பிந்தினார் என்று சபையோருக்குத் தெரியாது. ஒலியின் விளிம்பு கூர்மை இழந்து மங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். எனவே பின்வரிசைப் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது, காதுக்கு முந்திக் கண்ணை நம்பும் துணிவு. தாளம் கோலின் நுனியிலும், தன் பிரிவின் தலைவர் வில்லை எடுக்கும் அசைவிலும் இருக்கிறது என்பதை அவன் நம்பியாக வேண்டும்.

பிள்ளைகளை இவ்வாறு ஆர்க்கெஸ்ட்ராவில் பழக்குவதற்கெனவே உலகின் பல தேசங்களில் ஸ்தாபனங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து மூன்றாண்டுகளுக்குள், உணவுப் பங்கீடு இன்னும் நீங்காதிருந்த இங்கிலாந்தில், ரூத் ரெயில்டன் என்ற அம்மையார் தேசிய இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். 1948 ஏப்ரலில் பாத் நகரில் அதன் முதல் கச்சேரி நடந்தது. பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகளை ஓரிடத்தில் தங்கவைத்து, பகலெல்லாம் அப்பியாசம் செய்வித்து, இறுதியில் பெரிய மண்டபங்களில் வாசிக்கச் செய்வது அதன் முறை. இன்றும் அவ்வாறே நடக்கிறது. பின்னாளில் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைமைக் கண்டக்டராக விளங்கிய சைமன் ராட்டில் சிறு வயதில் அந்தக் குழுவில் தாள வாத்தியம் வாசித்தவர். ஜெர்மனி 1969-ல் தனக்கென ஒரு தேசிய இளைஞர் குழுவை அமைத்தது. இத்தாலிய மேதை கிளாடியோ அபாடோ 1986-ல் வியன்னாவில் சங்கீதக்காரர் குஸ்தாவ் மாலரின் பெயரால் ஓர் இளைஞர் குழுவை நிறுவினார்.

தயாரிப்பு என்பது ஒத்திகையோடு தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தொடங்குவது கிருதியைத் தேர்ந்தெடுப்பதில். இளம் பிள்ளைகள்தானே என்று பெரிய சங்கீதத்தைச் சுருக்கி, கடினமான இடங்களை நீக்கி, எளிதாக்கி எழுதிய பிரதிகளைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆரம்ப வகுப்புகளுக்கு அது தகும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் வாத்தியம் பயின்ற பிள்ளைகளுக்கு அப்படிச் சுருக்கிக் கொடுப்பது அவர்களைத் தாழ்வாக மதிப்பதாகும் என்பது என் அபிப்பிராயம். மகா சங்கீதக்காரர் ஒருவர் எழுதியதை எழுதியபடியே வாசிக்க முயன்று, ஓரிரண்டு இடங்களில் தடுமாறினாலும், அதன் முழு உருவத்தைத் தம் கைகளால் எழுப்பிய பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் கம்பீரத்தைச் சுருக்கப் பிரதி ஒருபோதும் தராது.

இளைஞர் குழுக்கள் மிகுதியாக எடுத்துக்கொள்ளும் கிருதிகளுள் ஒன்று, செக் நாட்டுச் சங்கீதக்காரர் அந்தோனின் டுவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி. 'புதிய உலகிலிருந்து' என்ற பெயரால் வழங்குவது. நியூயார்க்கில் ஜெனெட் தர்பர் என்ற அம்மையார் நடத்திய தேசிய சங்கீதக் கல்லூரிக்குத் தலைவராக அழைக்கப்பட்டு டுவோர்ஷாக் அங்கே தங்கியிருந்த காலத்தில் அதை எழுதினார். பெண்களையும் கறுப்பினத்தவரையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. 1893 டிசம்பர் 16 அன்று கார்னகி மண்டபத்தில் அந்தச் சிம்பொனி அரங்கேறியது. நான்கு அங்கங்கள், வாசித்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். முதல் முறை கேட்பவரையும் கவர்ந்துவிடும் மெட்டுகள் நிறைந்திருப்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் எளிது போலவே தோன்றும். பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வில்லை எடுத்த பின்புதான் அதன் கடினம் தெரியவரும்.

இரண்டாவது அங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பித்தளை வாத்தியங்களும் தாழ்ந்த குழல்களும் சேர்ந்து, மிக மெல்லிய ஒலியில், சில நீண்ட ஸ்வரக் கூட்டுகளை எழுப்புவதோடு அது தொடங்குகிறது. உரக்க ஊதுவது பித்தளை வாத்தியக்காரனுக்கு எளிது. முதல் அங்கத்தின் ஆரவாரம் அடங்கிய மறுகணமே, உதடு சோர்ந்திருக்கும் வேளையில், பிசிறின்றி மெல்ல ஊதித் தொடங்குவது பதினாறு வயதுப் பையனுக்குப் பெரும் பரீட்சை. பிறகு தந்தி வாத்தியங்கள் அடங்கிய குரலில் பின்னணி விரிக்க, ஆங்கில ஹார்ன் எனப்படும் குழல் புகழ்பெற்ற அந்தத் தனி மெட்டை வாசிக்கிறது. ஓபோவின் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிட நீண்டு கம்பீரமான தொனி கொண்ட வாத்தியம் அது. சபையின் கவனமெல்லாம் அதை வாசிக்கும் பிள்ளைமீதே இருக்கும். ஆனால் பின்னணியில் இருக்கும் வயலின்காரர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அங்கம் அமைந்திருக்கும் சுருதியில் ஐந்து ஸ்வரங்கள் இறக்கப்பட்டவை. வயலினின் நான்கு தந்திகளில் எதையும் விரல் வைக்காமல் திறந்தபடி வாசிக்கும் இடமே அந்த ஸ்வர வரிசையில் கிடையாது. சரியாக வாசிக்கிறோமா என்று ஒத்துப்பார்க்க உதவும் திறந்த தந்தியின் ஆதாரம் இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலாலும் காதாலும் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். அதையும் மிக மெதுவாக, மிக மெல்லிய ஒலியில். கடைசி ஸ்டாண்டின் விரல் ஒரு மயிரிழை விலகினாலும் அந்தப் பின்னணி முழுவதும் கலங்கிவிடும்; அதன்மேல் மிதந்து வர வேண்டிய தனிக் குழலின் மெட்டுக்கு நிற்க இடம் இராது.

முதல் ஒத்திகைக்கு முன்னரே வேறொரு வேலை முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவின் பிரதியிலும் எந்த ஸ்வரத்துக்கு வில்லைக் கீழே இழுப்பது, எதற்கு மேலே தள்ளுவது, எத்தனை ஸ்வரங்களை ஒரே இழுப்பில் இணைப்பது என்பதைப் பிரிவுத் தலைவர்கள் கூடி முடிவு செய்து குறித்துவைப்பார்கள். அந்தக் குறிகளை எல்லாப் பிரதிகளிலும் பெயர்த்து எழுதுவது நூலகப் பொறுப்பாளரின் கடமை. இதை நன்றாகச் செய்துவைத்த குழுவுக்கு இரண்டு நாள் ஒத்திகை மிச்சமாகும். ஒத்திகையின் நடுவில் கண்டக்டர் ஏதேனும் ஒரு வில்லடியை மாற்றினால், முதல் ஸ்டாண்டு பின்னால் திரும்பி இரண்டாவதுக்குச் சொல்ல, இரண்டாவது மூன்றாவதுக்குச் சொல்ல, கடைசி ஸ்டாண்டை எட்டும்போது அந்தச் செய்தி பாதியாகத் தேய்ந்தோ தலைகீழாகவோ போய்ச் சேரும். ஆகையால் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் பென்சில் இருக்க வேண்டும் என்பது இந்தக் குழுக்களில் மாறாத விதி. உட்புறம் அமர்ந்தவர் குறிப்பு எழுதுவார். கண்டக்டரைக் கட்டாயம் நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடத்தில் பிரதியின் மேல் ஒரு மூக்குக் கண்ணாடியின் உருவத்தை வரைந்துவைப்பது வாத்தியக்காரர்களின் நெடுநாள் வழக்கம். பழைய பிரதிகளில் முந்திய தலைமுறைப் பிள்ளைகள் வரைந்த கண்ணாடிகளை இன்றைய பிள்ளைகள் கண்டு, அந்த இடத்தின் அபாயத்தை முன்னதாகவே உணர்ந்துகொள்வதும் உண்டு.

முதல் நாள் எல்லோரும் கூடி, எத்தனை பிழை வந்தாலும் நிறுத்தாமல், கிருதியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. அதன் பிறகு குழு பிரிந்துவிடுகிறது. வயலின்கள் ஓர் அறைக்கும், செல்லோக்கள் வேறோர் அறைக்கும், குழல்கள் மாடிக்கும் செல்ல, ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த வாத்தியத்தில் தேர்ந்த ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கிறார். கண்டக்டர் இல்லாத, கரகோஷம் இல்லாத, பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறைகளில் நடக்கும் இந்தப் பிரிவு ஒத்திகைகளில்தான் கச்சேரி உருவாகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

அங்கே நடப்பது மிகவும் பொறுமையான வேலை. சிம்பொனியின் கடைசி அங்கத்தில் வேகமாகப் பாயும் எட்டு பார்களை, அதாவது எட்டுத் தாள அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு மணி நேரத்தைச் செலவிடுவார். முதலில் பாதி வேகத்தில். பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் தந்தியை மீட்டி. பிறகு வாத்தியத்தையே மடியில் வைத்துவிட்டு, நம் மிருதங்க வித்யார்த்திகள் சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகுவதுபோல, அந்தத் தாளத்தை எல்லோரும் சேர்ந்து வாயால் சொல்லி. இப்படி மூன்று வழிகளில் பழகிய பிறகு வில்லை எடுக்கும்போது, பிழை எங்கே இருந்தது என்பது அவரவருக்கே விளங்கிவிடுகிறது. நல்ல ஆசிரியர் அறையின் முன்பக்கத்தில் நிற்பதில்லை. வரிசைகளுக்கிடையே நடந்து சென்று, பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசி ஸ்டாண்டின் அருகே அமர்ந்து, தாமும் வயலினை எடுத்து அவர்களோடு வாசிக்கிறார். தன் பக்கத்தில் உறுதியான ஒரு குரல் ஒலிப்பதைக் கேட்ட பிள்ளை, யாரும் சொல்லாமலேயே தன் வில்லை முழு நீளத்துக்கும் இழுக்கத் தொடங்குவான். பயந்த பிள்ளை வில்லின் நடுவில் நாலு விரற்கடை மட்டுமே செலவிடுவான் என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த அடையாளம்.

பிழையைத் திருத்தும் முறையிலும் ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும். யார் தவறாக வாசிக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவராகத் தனியே எழுப்பி வாசிக்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விரைவான வழி அது. ஆனால் அதனால் வெட்கிப்போன பிள்ளை அடுத்த நாள் முதல் ஒலியே எழும்பாமல் வில்லை மட்டும் அசைக்கக் கற்றுக்கொள்கிறான். அது திருத்த முடியாத நோய். இரண்டு ஸ்டாண்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொன்னாலே போதும், கேட்கத் தெரிந்த காதுக்குப் பிழை எங்கே என்பது விளங்கிவிடும். ஒரு நாள் வரிசைகளைத் தலைகீழாக்கி, கடைசி ஸ்டாண்டை முன்னால் அமர்த்தி, முதல் ஸ்டாண்டைப் பின்னால் அனுப்புவது அதைவிடச் சிறந்த உபாயம். முன்னால் வந்தவர்களுக்குத் துணிவு பிறக்கிறது. பின்னால் சென்ற கெட்டிக்காரர்களுக்கோ, அங்கிருந்து தாளத்தைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்ற ஞானம் பிறக்கிறது.

பித்தளை வாத்தியக்காரர்களுக்குக் கால அளவு வேறு. வயலின் வாசிப்பவன் இடைவேளை விட்டு விட்டு நாள் முழுவதும் பழகலாம். டிரம்பெட், ஹார்ன் ஊதுபவனின் உதட்டுத் தசை அதற்கு இடம் கொடாது. அவர்களுக்கு ஒத்திகை சுருக்கமாக இருக்க வேண்டும். கச்சேரி நாளின் காலையில் முழு பலத்தோடு ஊதச் சொல்லவே கூடாது.

இந்த முறைகளையெல்லாம் ஒரு தேசம் முழுவதும் பரப்பிக் காட்டியது தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா. பொருளாதாரமும் சங்கீதமும் பயின்ற ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு 1975-ல் காரகாஸ் நகரில் ஓர் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். நூறு பேர் வருவார்கள் என்று நம்பி 50 ஸ்டாண்டுகளோடு முதல் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்திருக்க, வந்து சேர்ந்தவர்கள் 11 பிள்ளைகளே என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அவர் மனம் தளரவில்லை. 'எல் சிஸ்தெமா' என்று வழங்கும் அந்த இயக்கம் நாடெங்கும் பரவி, ஏழைக் குடியிருப்புகளிலிருந்து லட்சக்கணக்கான பிள்ளைகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தது. மிகச் சிறிய குழந்தைகளுக்குக் காகிதக் கூழாலும் அட்டையாலும் செய்த வயலினைக் கொடுத்து, எப்படி ஏந்துவது, எப்படி அமர்வது, வரிசையில் எப்படி ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வில்லை அசைப்பது என்பதை முதலில் பழக்குவார்கள். உண்மை வாத்தியம் அதன் பிறகே கைக்கு வரும். நேற்றுக் கற்ற பிள்ளை இன்று சேர்ந்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது அங்கே சாதாரணம். அங்கே வளர்ந்த கண்டக்டர் குஸ்தாவோ துதாமெல், 2007 ஆகஸ்டில் சிமோன் பொலிவார் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவோடு லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் வாசித்தபோது, ஷோஸ்தகோவிச்சின் பத்தாவது சிம்பொனி என்ற கனமான கிருதியை அந்தப் பிள்ளைகள் ஏந்திச் சென்ற விதம் உலக சங்கீத ரசிகர்களை வியப்பில் ஆழ்த்தியது.

அந்த இயக்கத்துக்கு எதிர்ப்புக் குரல்களும் உண்டு. ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி பேக்கர் 2014-ல் வெளியிட்ட நூலில், அங்கே கட்டுப்பாடு கடுமையானது என்றும், மேலிருந்து ஆணையிடும் மனப்பான்மையே ஓங்கியிருக்கிறது என்றும் குறை கூறினார். அந்தக் கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மேடையில் தெரியும் ஒழுங்கு, பயத்தினாலும் வரலாம், பரஸ்பர நம்பிக்கையினாலும் வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மணிக்கணக்காக நீளும் ஒத்திகைகளில் பிள்ளைகளின் தோளும் முதுகும் படும் பாட்டைக் கவனிக்காத குழு, எவ்வளவு பேர் பெற்றதாயினும், தன் கடமையில் தவறியதேயாகும்.

பிரிவுகள் மீண்டும் ஒன்றுகூடும் முழு ஒத்திகையில் ஒரு புதிய சிரமம் எழுகிறது: வாசிக்காமல் இருப்பது. டுவோர்ஷாக்கின் சிம்பொனியில் டியூபா வாத்தியம் இரண்டாவது அங்கத்தில் மட்டுமே, தொடக்கத்திலும் முடிவிலும் வரும் அந்த மெல்லிய ஸ்வரக் கூட்டுகளில் மட்டுமே ஒலிக்கிறது. முதல் அங்கம் முழுவதும் அதை வாசிக்கும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, குளிர்ந்துபோன வாத்தியத்தில் மெல்லிய முதல் ஸ்வரத்தைச் சுருதி பிசகாமல் எழுப்ப வேண்டும். பெரிய ஜாலராத் தட்டுகளுக்கோ முழுச் சிம்பொனியிலும் ஒரே ஓர் அடிதான்; கடைசி அங்கத்தில் வருவது; அதுவும் அதிர அடிப்பதன்று, கேட்பவர் பலர் கவனியாமலே விட்டுவிடக்கூடிய அடங்கிய ஓசை. அந்த ஒரே அடிக்காக அரை மணி நேரத்துக்கு மேல் பார்களை எண்ணிக்கொண்டு அமர்ந்திருக்கும் சிறுமி, தன் வேலை சிறியது என்று எண்ணிவிடலாகாது. இரண்டாவது அங்கத்தின் இறுதியில் முன்வரிசைகளிலுள்ள சில தந்தி வாத்தியக்காரர்கள் மட்டும் அந்த மெட்டை நின்று நின்று, இடையிடையே மௌனம் விட்டு வாசிக்க, ஏனையோர் வில்லை இறக்கி அமர்ந்திருக்க வேண்டும். அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டால், ஒரு தாள் சலசலத்தால், அந்த மௌனம் உடைந்துபோகும். பிழையின்றி வாசிப்பதற்கு எவ்வளவு ஒத்திகை வேண்டுமோ அவ்வளவு ஒத்திகை அசையாதிருப்பதற்கும் வேண்டும். சிம்பொனியின் முடிவும் அத்தகையதே. பேரொலியோடு முடியப்போகிறது என்று எல்லோரும் நினைத்திருக்க, காற்று வாத்தியங்கள் இறுதிக் கூட்டை நீட்டிப் பிடித்து, படிப்படியாகத் தணித்துக்கொண்டே போய் முடிக்கின்றன. சபை கைதட்டும் வரை ஒரு வில்லும் தாழக்கூடாது.

ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வதன் பொருளை மிக ஆழமாக உணர்த்தியது, 1999-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் கண்டக்டர் டேனியல் பாரன்பாய்மும் அறிஞர் எட்வர்ட் சயீதும் சேர்ந்து தொடங்கிய மேற்கு-கிழக்கு திவான் ஆர்க்கெஸ்ட்ரா. முன்னவர் இஸ்ரேலில் வளர்ந்த யூதர். பின்னவர் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனியர். இஸ்ரேலிய இளைஞர்களும் அரபு இளைஞர்களும் அதில் ஒரே பிரதியை நோக்கி அமர்ந்தார்கள். ஒரே ஸ்வரத்தை, ஒரே ஒலி அளவில், ஒரே வில்லடியில் வாசிக்க இருவர் முயலும்போது ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டேயாக வேண்டியிருக்கிறது. அதனால் யுத்தங்கள் நின்றுவிடவில்லை. நின்றுவிடும் என்று அவர்கள் வாக்களிக்கவும் இல்லை. ஆயினும், பகைவர் நாட்டுப் பிள்ளை தனக்காகப் பக்கம் புரட்டுவதைக் கண்ட ஓர் இளைஞன் அந்த நாட்டைப் பற்றி அதன் பிறகு எண்ணுவது முன்போல இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

கச்சேரி நாளன்று செய்ய வேண்டியது குறைவு. செய்யாமல் விட வேண்டியது அதிகம். பழகிய அறையை விட்டு மண்டபத்துக்கு வந்ததும் ஒலியின் தன்மை மாறிவிடும். காலி மண்டபத்தில் ஒலி நெடுநேரம் சுழன்று நிற்கும், ஆட்கள் நிறைந்ததும் வறண்டுவிடும். விளக்குகளின் வெப்பத்தில் குழல்களின் சுருதி ஏறும். தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவேதான் எல்லோரும் அமர்ந்த பிறகு, நிலையான கூரிய தொனியுடைய ஓபோ, விநாடிக்கு 440 அதிர்வு என்று சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, அதற்கு மற்றவர்கள் சுருதி சேர்க்கிறார்கள். காலை ஒத்திகையில் ஒவ்வோர் அங்கத்தின் தொடக்கத்தையும், ஓரங்கத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இடங்களையும் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஓய்வெடுக்கச் சொல்வதே விவேகமான கண்டக்டரின் வேலை. அன்று புதிதாக எதையும் திருத்த முற்படுபவர் வாரக்கணக்கில் வளர்த்த துணிவை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவார்.

நம் ஊரிலும் இதற்கு வித்து விழுந்திருக்கிறது. 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். எளிய குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளுக்கென அவருடைய அறக்கட்டளை சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திவருகிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்த செய்தியைத் தமிழ்நாடே பெருமையோடு படித்தது. சிம்பொனி எழுதுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அதை வாசிக்கத்தக்க பெரிய குழு நம் பிள்ளைகளைக் கொண்டே அமைய வேண்டாமா? வயலின் கற்கும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். வயோலாவும் டபிள் பாஸும் ஓபோவும் பாஸூனும் கற்போர் மிக அரிது. அந்த வாத்தியங்கள் விலையுயர்ந்தவை. ஒரு குடும்பத்தால் வாங்க முடியாதவை. பள்ளிகளும் சபாக்களும் வாங்கிவைத்துப் பிள்ளைகளுக்கு இரவலாகக் கொடுத்தாலன்றி இங்கே முழு ஆர்க்கெஸ்ட்ரா உருவாக வழியில்லை. தனவந்தர்கள் இதற்கு முன்வர வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு குழுவில் சேர்ந்து, இரண்டாம் வயலினில் கடைசி ஸ்டாண்டு அவனுக்குக் கிடைத்ததென்றால், முன்வரிசைக்கு மாற்றும்படி ஆசிரியரிடம் சென்று கேட்காதீர்கள். கச்சேரிக்கு வாருங்கள், அவன் அமர்ந்திருக்கும் திசையில் உட்கார்ந்து, முதல் வயலினின் மெட்டை ஒருகணம் விட்டுவிட்டு, அதன் கீழே ஓடும் பகுதியைக் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டதை வீடு திரும்பும் வழியில் அவனிடம் சொல்லுங்கள்.